ஆடி மாசத்து சிவப்பு பல்பு

ஓடிப்போவலம்மா. யாரு சொன்னது பொண்ணு ஓடிட்டான்னு? பூக்கடைக்காரம்மாவா? அதான பாத்தேன். அது சொல்லலன்னாதான் அதிசயம்.

வடக்கனந்தல் ராஜாங்கம் பொண்ணு அம்சவள்ளியத்தானே உங்க பையனுக்குக் கேக்கறீங்க? கேளுங்க, கேளுங்க. பொண்ணெடுக்கறவங்க நாலு கடையில விசாரிக்கறது வழக்கந்தானே. அதுலயும் பேட்டரிக் கடையில வந்து விசாரிச்சீங்க பாருங்க, கரெக்டான எடம். அவளுக்கு முன்ன பேசுன கல்யாணம் நின்னதுக்குக் காரணமே பேட்டரிதான்.

சிரிக்காதீங்க. நெசமா சொல்றேன். இப்படி ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க.

எதிர்ல மயில் பொம்ம வச்ச கேட்டு தெரியுதா? சுப்புராயன் மண்டபம். பெரிய மனுசரு எங்கியோ கோல்ப் வெளயாடற எடத்துல ஓட்டித் தேஞ்ச பேட்டரி வண்டி ஒன்ன வாங்கியாந்தாரு. மேல தெர்மாகோல் மயிலு, உள்ள ராஜா நாற்காலி. பொண்ணு மாப்ள ஊர்வலத்துக்காம். கார்ல போனா கௌரவம் கம்மியாம்.

அந்த வண்டிக்கு அடியில வரிசையா பேட்டரி. ஆடி வந்தா கல்யாணம் இல்ல, மண்டபத்தப் பூட்டிடுவாங்க, வண்டி ஷெட்டுக்குப் போயிடும். எங்க ஓனரு காஜா மைதீன் பாய் தலதலயா அடிச்சிக்கினாரு. நிறுத்தறதுக்கு முன்ன ஃபுல்லா சார்ஜ் போடு, டிஸ்டில் வாட்டர் பாத்து ஊத்து, மெயின் ஒயரக் கழட்டி வை, நடுவுல ஒருக்கா சார்ஜ் ஏத்து. இவ்ளோதான்.

சுப்புராயன் இன்னா பண்ணாரு? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாரு. திருஷ்டிப் பூசணிக்கா கட்டுனாரு. பட்டுத்துணி போத்தி வுட்டாரு. சூடம் காட்டுனாரு. பேட்டரிக்குத் தண்ணி மட்டும் ஊத்தல.

ஒயரா? அங்கதான் வர்றேன். வண்டி முன்னால மாரியம்மன் படம், அதுக்கு சுண்டக்கா சைஸுல ஒரு சிவப்பு பல்பு. ஒயரக் கழட்டுனா பல்பு அணைஞ்சிடும். ஆடி மாசத்துல அம்மன் வெளக்க அணைக்கலாமான்னு கேட்டாரு. படத்த எடுத்து வூட்டுல மாட்டு, வேணும்னா நானே ஒரு நல்ல வெளக்கு வாங்கித் தர்றேன்னாரு பாய். வண்டிக்குள்ள எரிஞ்சாதான் வண்டிக்குக் காவலாம். சார்ஜாவது போடுன்னா, ஆடியில புதுசா ஒன்னும் ஆரம்பிக்கறதில்லன்னுட்டாரு. கரண்டுக்குக் கூட நல்ல நேரம் பாக்கற மனுசரு.

அம்மன் மேல இன்னாம்மா தப்பு? அவளா வந்து பல்பு கேட்டா?

சும்மா நிறுத்தி வச்சாலே பேட்டரி தன்னால எறங்கும். அதுல ஆடி முழுக்க ராவும் பகலும் பல்பு வேற. ஆவணி பொறந்ததும் நல்ல நேரம் பாத்து சார்ஜ் போட்டாரு. போட்ட கொஞ்ச நேரத்துலயே சார்ஜர்ல பச்ச லைட்டு எரிஞ்சிடுச்சி. பேட்டரி நெறஞ்சி எரியலம்மா, கரண்ட வாங்கறதுக்கு அதுக்குள்ள திராணி இல்லாம எரிஞ்சிது. அவரு அத அம்மன் அருளுன்னாரு.

மொத முகூர்த்தம் ராஜாங்கம் பொண்ணுது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் பொண்ணையும் மாப்ளையையும் மயிலுக்குக் கீழ ஒக்கார வச்சி, பேண்டு அடிச்சிக்கினு போனாங்க. துருகம் ரோட்டு மேட்டுல வண்டி ஒரு மொனகல் மொனகிச்சி, நின்னுடுச்சி. அந்த சிவப்பு பல்பு கூட எரியல.

தள்ளுனா ஆச்சி. மாப்ள எறங்குனா வண்டி லேசா போவும். ஆனா மாப்ளையோட தாய்மாமன் குறுக்க வந்து நின்னுக்கினாரு. ஊர்வலத்துல ஏறுன மாப்ள காலு மண்டபம் போறவரைக்கும் தரையில படக்கூடாதாம். பொண்ணு வூட்டுக்காரங்க தள்ளுங்கன்னாரு. ராஜாங்கம் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு பின்னால போயிட்டாரு. நெஞ்சுல ஆபரேசன் பண்ணி அப்பதான் எழுந்து நடமாடிக்கினு இருக்காரு. மாப்ளைக்கும் தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக்கினு வந்து பாத்தவருதான்.

அந்த மாப்ள இன்னா பண்ணாருன்னு கேளுங்க. திரும்பிப் பாத்து, நல்லா அழுத்தித் தள்ளுங்க மாமான்னாரு. சொல்லிட்டு போட்டோக்காரருக்குச் சிரிச்சாரு.

பொண்ணு பொடவையத் தூக்கிச் சொருவிக்கினு குதிச்சிட்டா. அப்பனுக்குப் பக்கத்துல நின்னு அவளுந் தள்ளுனா. ரெண்டு எட்டு கூட நவுரல, அப்பன் மூச்சு வாங்குது, நெத்தியெல்லாம் வேர்வ. நீ ஏன் எறங்குன, ஏறுன்னு மாமன் கத்தறாரு. நீ ஏறும்மா, அப்பா தள்ளிடறேன்னு அந்த மனுசனும் கெஞ்சறாரு. அதான் தாங்கல. மாலையக் கழட்டி மயிலு கழுத்துல மாட்டிட்டு, அப்பன் கையப் புடிச்சிக்கினு நடந்தா. ஓடலம்மா. நடந்துதான் போனா, அப்பறம் ஷேர் ஆட்டோல.

பொண்ணு வூட்டுல கேட்டா இன்னா சொல்லுவாங்களா? ராஜாங்கத்துக்கிட்ட மட்டும் போயிக் கேட்டுடாதீங்க. என்னாலதான் எம் பொண்ணு கல்யாணம் நின்னுதுன்னு அழுவாரு. சுப்புராயன் பல்புக்கு அவரு அழுவறாரு. அதப் பாக்க முடியல. அதான் யாரு விசாரிக்க வந்தாலும் இங்கயே எல்லாத்தையும் சொல்லி அனுப்பிடறது.

இல்ல, அதுக்கு முன்ன இந்தக் கடையில நான் இல்லம்மா. வண்டி எதனால நின்னுதுன்னு பாயக் கேக்கத்தான் மொத மொத வந்தேன். அவரு அந்தச் செத்த பேட்டரியெல்லாம் கழட்டி வச்சிக் காமிச்சாரு. கல்லாவுல ஒக்கார ஆளு வேணுமான்னு கேட்டேன், ஒக்காந்துட்டேன்.

ஆமா, அம்சவள்ளி நான்தான்.

எழுந்திரிக்காதீங்க, டீ சொல்லியிருக்கேன். குடிச்சிட்டு வூட்டுக்குப் போயி உங்க பையன ஒன்னே ஒன்னு கேளுங்க, எறங்குவாரான்னு. எறங்குவாருன்னா அப்பாகிட்ட வந்து பேசுங்க.