பொறந்த வீட்டுக் கோடி

மணி பன்னெண்டு தாண்டிருச்சு. சாணார்பட்டி ரோடு. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு... நடுவுல ஒரே ஒரு பைக்கு.

ஏ மலரு, அந்தச் செல்லு வெளிச்சத்த அமத்து. விடிஞ்சா கல்யாணம், இந்த மொட்ட மாடியில கொசு தூங்க விடாது, பேய்க் கதை வேணும்னு நீங்கதான் கேட்டீக. சொல்றேன். ஆனா இத நெனச்சா எனக்குப் பயம் வரல... பத்திக்கிட்டு வருது.

பைக்க ஓட்டுனது மணிமாறன். என் கூடப் படிச்ச ஆனந்தியோட வீட்டுக்காரன். பின்னாடி உக்காந்திருந்தது அவன் தங்கச்சி பானுப்ரியா. அப்பா அம்மா கெடையாது. அவளுக்கு அண்ணன் வீடுதான் எல்லாம்.

சாணார்பட்டி தாண்டி அவன் ஒரு சின்ன நெசவு மில்லு வச்சிருக்கான். கடையில தொங்குற சேலை கெடையாது. அந்தக் காலத்துச் சேலைய யாராச்சும் கொண்டாந்து குடுத்தா, பூதக்கண்ணாடி வச்சு இழை எண்ணி, அதே சாயம், அதே கரை... அச்சு அசலா நெய்ஞ்சு குடுப்பான். கெட்டிக்காரன்தான், இல்லங்கல. புத்திதான் கோணல்.

போன வருசம் பெங்களூருல இருந்து ஒரு அம்மா பழைய சேலை ஒண்ணு குடுத்து, இதே மாதிரி கொஞ்சம் சேலை நெய்யச் சொல்லுச்சு. அரக்குச் செவப்பு, மஞ்சக் கரை. எங்கயோ பழைய சாமான் கடையில வாங்குனதாம். விரிச்சுப் பாத்தா முந்தி ஓரத்துல ஒரு சாண் கிழிசல். நைஞ்சு போயி விட்ட கிழிசல் இல்ல... கையால பிடிச்சு டர்ர்ருன்னு கிழிச்சது.

பொம்பள செத்தா பொறந்த வீட்டுல இருந்து அண்ணன் தம்பி கோடிச் சேலை கொண்டாந்து போடுவாகல்ல? மணிமாறன் பக்கம் அதப் போடுறப்ப ஓரத்துல கிழிச்சு விடுவாக. உசுரோட இருக்கிற எவளும் எடுத்துக் கட்டிறக் கூடாதுன்னு. அப்ப இது எவளோ ஒருத்தி மேல இருந்து... சுடுகாட்டுல உருவுனது. எரியுற வீட்டுல புடுங்குன வரைக்கும் லாபம்னு எவனோ வித்துருக்கான்.

மணிமாறனுக்கு இது தெரியும். பாத்த அன்னைக்கே தெரியும்! அந்தம்மா "இது என்ன?"ன்னு கேட்டதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? "அது அந்தக் காலத்து டிசைன் மேடம்"னான். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். அப்ப எல்லாச் சேலையிலயும் அதே மாதிரி வேணும்னுச்சு. இந்தப் பாவி, தறியில இருந்து எறக்குன புதுச் சேலைய ஒவ்வொண்ணா எடுத்து... அவன் கையாலயே கிழிச்சான்.

புதுச் சேலையக் கட்டிக்கிட்டு போட்டோவுக்கு நிக்க வர்றேன்ன பொண்ணு வரல. அந்தம்மா ராத்திரிக்குள்ள படம் அனுப்புங்குது. தங்கச்சியக் கட்டச் சொன்னான். பானு கிழிசலப் பாத்துட்டு, "வேணாம்ணே... ஒரு மாதிரி இருக்கு"ன்னுருக்கா. "கட்டுடி, செத்த நேரந்தான்"னு அதட்டிருக்கான். படம் எடுத்து முடிச்சதும் மாத்தக்கூட விடல. அப்படியே வண்டியில ஏத்திக்கிட்டு, மிச்சச் சேலைகளப் பையில போட்டு டேங்கு மேல வச்சுக்கிட்டுக் கெளம்பிட்டான்.

தோப்பு முடிஞ்சா சுடுகாட்டு வளைவு. அங்க வந்ததும் புதுச் சேலைக் கஞ்சி வாசம் போயி... நனைஞ்ச சாம்பல் வாசம். வண்டி தானா அமந்துருச்சு. தவளச் சத்தங்கூட இல்ல. முன்னாடி லைட்டு மட்டும் எரியுது.

வெளிச்சத்துல... ஒரு பொம்பள.

மேல பொட்டுத் துணியில்ல. முடிய முன்னாடி இழுத்துப் போட்டு, ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு, கூனிக்குறுகி நிக்கிறா. செத்தவளுக்கும் மானம்னு ஒண்ணு இருக்குல்ல? தலைய நிமித்தாமக் கேட்டா.

"அண்ணே... என் கோடி வந்துருச்சாண்ணே?"

கோடி நெய்ஞ்சவன் இவன். அப்ப அவளுக்கு இவன்தானே பொறந்த வீடு? டேங்கு மேல பை நெறையச் சேலை. ஒண்ண எடுத்து வீசியிருந்தா முடிஞ்சது. ஆர்டருல கொறைஞ்சுருமே! இவன் என்ன பண்ணான்... கட்டவிரல பின்னாடி காமிச்சு, "இவ கட்டியிருக்கா... எடுத்துக்க"ன்னான்.

கேட்டா வாய் தவறிருச்சாம். ஆனந்திகிட்ட அழுதுக்கிட்டே சொல்லிருக்கான். வாய் தவறுமாடி அதுல? என் கையில சிக்குனா செருப்பு பிஞ்சுரும்.

முதுகுக்குப் பின்னாடி ஒரு சத்தம்... டர்ர்ர். முன்னாடி நின்னவளக் காணல. வண்டி தானா ஸ்டார்ட் ஆச்சு. தோள்ல ஒரு கை விழுந்துச்சு... சில்லுன்னு. பானுதான்னு நெனச்சுக்கிட்டானாம். வீடு வர்ற வரைக்கும் ஒரு தடவ திரும்பிப் பாக்கல.

ஆனந்தி கதவத் தொறந்தா. பின்னாடி இருந்தது முக்காடு போட்டபடி இறங்கி, நேரா உள் ரூமுக்குப் போயி படுத்துருச்சு. "சாப்டியா பானு?"ன்னு கேட்டதுக்கு, சேலைய மூஞ்சி மேல இழுத்துப் போத்திக்கிச்சு. அசதி போலன்னு ஆனந்தியும் விட்டுட்டா.

விடியக் கருக்கல்ல ஆனந்தி செல்லு அடிக்குது. தெரியாத நம்பரு.

"மதினி... நான் பானு பேசுறேன். அண்ணன் என்னைய சுடுகாட்டு வளைவுல விட்டுட்டுப் போயிருச்சு மதினி. மேல சேலை இல்ல. பால் வண்டிக்காரரு துண்டு குடுத்துருக்காரு, அவரு போனுலதான் பேசுறேன். அண்ணன வரச் சொல்லுங்க மதினி... குளுருது."

ஆனந்தி செல்லுல ஸ்பீக்கரப் போட்டுக்கிட்டே உள் ரூம் லைட்டத் தட்டுனா. தலையோட சேலையப் போத்தி மல்லாக்கப் படுத்திருக்கு. கால் ரெண்டும் வெளிய. கட்டவிரலு ரெண்டையும்... சேத்துக் கட்டியிருக்கு.

சேலைக்குள்ள இருந்து, அதே பானு குரல்ல, "யாரு மதினி... இந்நேரத்துல?"

ஆனந்தி ஓடிப் போயி மணிமாறன உலுக்குனா. "நம்ம புள்ள ரோட்டுல நிக்குதுங்க, போயிக் கூட்டியாங்க"ன்னு கால்ல விழாத கொறையா அழுதா. அவன் எந்திரிச்சு வந்து ரூம் வாசல்ல நின்னான். உள்ள பாத்தான்... செல்லப் பாத்தான். போயிக் கூட்டியாந்தா, ராத்திரி அந்தப் பொம்பள என்ன கேட்டான்னு, இவன் என்ன குடுத்தான்னு, பானு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்ல?

"போன வையி"ன்னான். "உள்ள படுத்திருக்கிறவதான் என் தங்கச்சி."

போன் கட் ஆகவே இல்லடி. அந்தப் பக்கம் பானு கேட்டுக்கிட்டுதான் இருந்தா.