கொடிக்கம்பத்துக்குக் காது கேட்காத நாட்கள்

எங்கள் குடியிருப்பில் வெளியே துணி உலர்த்தக் கூடாது. வாசல் கதவுக்கு மூன்று நிறங்களில் ஒன்றைத்தான் பூசலாம். பதினோரு வருடமாக இந்த விதிகளைக் காப்பது என் வேலை. வீட்டு உரிமையாளர் சங்கத்தில் தோற்றக் குழுவுக்குத் தலைவி நான். யார் வீட்டில் எதை மாற்றினாலும் வெர்னா என்ற என் கையெழுத்து வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வழக்கமான இரண்டு கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என்னிடம் பதில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது.

ஓரின் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்து நான்கு. மனைவி இறந்து இரண்டு வருடம். வந்த மறுநாளே வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

“இந்த ஊர்ல ஆன்டெனா வைக்க விடுவாங்களா?”

“டிவி தட்டு ஒண்ணு வச்சுக்கலாம். அதுக்கு மேல ஒரு குச்சி நீட்டினாலும் கடிதம் வரும்.”

“கடிதம் யார் போடுவாங்க?”

“நான்தான்.”

“அப்ப நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கேன்” என்றார்.

அவருக்கு ஒரு தங்கை, தெல்மா. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றோரக் குடிசையில் தனியாக இருந்தாள். அங்கே கைபேசி எடுக்காது. புயலில் சாய்ந்த தொலைபேசிக் கம்பத்தை யாரும் நிமிர்த்தவில்லை. கப்பலில் வானொலி இயக்கிய அப்பா இருவருக்கும் சின்ன வயதிலேயே தந்திக் குறி சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் மாலை நான்கு மணிக்குத் தெல்மா தன் வானொலியில் குறி தட்டி அண்ணனைக் கூப்பிடுவாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அந்தத் தட்டல்தான் சாட்சி. மூன்று நாள் தொடர்ந்து தட்டல் வராவிட்டால் ஓரின் வண்டியெடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஆன்டெனாவைக் கொடிக்கம்பமாக நட்டு மறைப்பது என் யோசனை. எந்தச் சங்கமும் தேசியக் கொடியைத் தடுக்க முடியாது. நாட்டின் சட்டமே அப்படி. இருபத்தைந்து அடி அலுமினியக் குழாய், வெள்ளை வண்ணம், உச்சியில் கொடி. அதன் அடியிலிருந்து கேபிள் என் வேலியோரச் செடிகளுக்குக் கீழே புதைந்து அவர் அறைக்குப் போனது. படிவத்தில் “கொடிக்கம்பம், ஒன்று” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினோரு வருடத்தில் நான் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒருவரோடு சேர்ந்து ஒன்றை மறைப்பதில் இருக்கும் நெருக்கம், அவரோடு சேர்ந்து சாப்பிடுவதில்கூட இல்லை.

எதிர் வீட்டு ரஸ் ஒருநாள் தெருவில் நின்று கத்தினார். “ஓரின், நாலு மணிக்கு உங்க கொடி என்ன மந்திரம் போடுது? என் கேரேஜ் கதவு தானாத் திறந்து மூடுது. என் பொண்டாட்டி பேய்ங்கறா.”

“கொடி வணக்கம் சொல்லுது ரஸ். நீயும் எழுந்து நின்னு ஒரு சல்யூட் வை.”

ஓரின் சிரித்துச் சமாளித்தாரே தவிர, அன்றிலிருந்து பயந்துவிட்டார். தெல்மாவின் தட்டல் காதில் விழுந்த பிறகுதான் தன் தந்தி விசையைத் தட்டுவார், அதுவும் குறைந்த சக்தியில். ஒன்றும் விழாவிட்டால் அவரும் தொடமாட்டார். அந்த நாட்களில் சூரியனைக் குறை சொல்வார். இந்த வானொலிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். சூரியன் சீறினால் பகலில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அலைவரிசையே செத்துவிடும், பிறகு தானாகச் சரியாகும் என்பார்கள். இந்த வருடம் சூரியனுக்குச் சீற்றம் அதிகமாம்.

புள்ளியும் கோடுமான அந்தக் குறிகளை எனக்கும் கற்றுக்கொடுத்தார். கேட்க மட்டும் ஒரு சின்ன வானொலிப் பெட்டியும் கொடுத்தார். அதன் கம்பியை என் சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் கட்டிவிட்டவரும் அவர்தான். நான் வேகமாகக் கற்றேன். ஆறு மாதத்தில் அண்ணனும் தங்கையும் பேசுவது முழுக்கப் புரிந்தது. வசந்தத்தின் ஒரு மாலையில் தெல்மா தட்டினாள்: வீட்டை விற்றுவிட்டு இங்கே வா, இங்கே நூறடிக் கோபுரம் நட்டாலும் கேட்க ஆளில்லை. ஓரின் பதில் தட்டினார்: யோசிக்கிறேன்.

குண்டூசி விஷயத்தையும் அவரேதான் சொன்னார். எங்க ஆளுங்க சண்டை போட்டா எதிரியோட கேபிள்ல குண்டூசி குத்துவாங்க என்று சிரித்தார். உள்கம்பியும் வெளிவலையும் ஒட்டிக்கொள்ளும், வானொலி செவிடாகும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

முதலில் வாரத்துக்கு ஒரு நாள்தான் செய்தேன். நான்கு மணிக்குச் சற்று முன் செடிக்குத் தண்ணீர் விடப் போவேன். அவர் பெட்டியை அணைத்துவிட்டு என் வீட்டுக்குக் கிளம்பி வந்ததும் ஊசியை எடுத்துவிடுவேன். தங்கையோடு பேசிவிட்டு வரும் நாட்களில் அவர் நிறைந்துபோய் வருவார், என் பேச்சுக்கு இடமிருக்காது. தட்டல் கேட்காத நாட்களில் நேராக என் மேசைக்கு வந்து உட்காருவார். கவலைப்படும் ஆளுக்குச் சமைப்பது ஒரு சுகம். நீங்கள் கல்யாணமானவரா? அப்படியானால் தெரிந்திருக்கும். அதில் யாருக்கும் தீங்கில்லை. மறுநாள் தெல்மா மறுபடி தட்டுவாள்.

அந்த வியாழக்கிழமையும் ஊசியைச் செருகிவிட்டு வந்துதான் என் பெட்டியைத் திறந்தேன். தெல்மாவின் கையை எனக்கு நன்றாகத் தெரியும். கோடுகளைக் கொஞ்சம் இழுத்துத் தட்டுவாள். அன்று அந்த இழுப்பு இல்லை. மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். விழுந்துவிட்டேன். இடுப்பு. எழ முடியவில்லை. வா. ஒரே ஓர் எழுத்தைத்தான் தவறவிட்டிருந்தேன். அதைச் சரிபார்த்தபோது எனக்கு வந்தது பெருமை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓரின் வந்தார். “இன்னிக்கும் சூரியன் சரியில்லை, வெர்னா.”

“உக்காருங்க. சோள ரொட்டி சூடா இருக்கு.”

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் சொன்னால், உனக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்பார். பிறகு வேலியோரம் தோண்டுவார். சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தபின், நான் கற்றுக்குட்டி, தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஊசி உள்ளே இருந்தது. அவள் தண்ணீர் கேட்டாள். எழுத்துகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் இருந்ததால் எழுதுவது சுலபமாக இருந்தது. அவளிடம் இருந்தது சின்ன மின்கலம். அண்ணனுக்கென்றே காத்திருக்கும் காதைத் தவிர வேறு யாருக்கும் அது இரைச்சலோடு இரைச்சல். சனிக்கிழமை, ஓரினைக் கூப்பிடும் நான்கு அழைப்பு எழுத்துகளில் முதல் மூன்றை மட்டும் தட்டினாள். நான்காவதற்காகப் பேனாவைப் பிடித்தபடி நாலரை மணிவரை காத்திருந்தேன். அன்று இறைச்சி கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததும் ஏற்பாட்டின்படி அவர் போனார். அவர் வண்டி முனை திரும்பியதும் போய்ப் பார்த்தேன். கேபிள் நன்றாகவே இருந்தது.

தெல்மாவை அடக்கம் செய்த பிறகு, அவள் குறிப்பேட்டை ஓரின் எனக்குக் காட்டினார். தரையில் கிடந்தபடியே ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறாள்: நான்கு மணி. அழைத்தேன். பதில் இல்லை. சூரியன். அந்தக் கடைசிச் சொல்லை ஓரின் விரலால் தடவினார். “அவளும் என்னைத் திட்டலை, பாரு” என்றார்.

இப்போது நான்கு மணிக்கு என் பெட்டி அணைந்தே இருக்கிறது. மின்கலத்தையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் ஜன்னல் திரையின் கட்டை சட்டத்தில் மோதும்போது கோடுகள் இழுபடுகின்றன. குளிர்பெட்டி முனகி நிற்கும்போது ஓர் எழுத்து முடிகிறது. மூன்றெழுத்து. அப்புறம் மௌனம். நான்காவது எனக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லியும் பார்த்துவிட்டேன். அது போதவில்லை போலிருக்கிறது. மறுநாளும் மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

போன வாரம் ஓரின் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “வெர்னா, உன் சின்னப் பெட்டில அன்னிக்கு ஏதாவது விழுந்துச்சா?”

“விழுந்திருந்தா ஓடி வந்து சொல்லியிருக்க மாட்டேனா?” என்றேன்.

அந்த உறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஊசி தையல் டப்பாவில் இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். இதை அவரிடம் சொல்லாதீர்கள். இப்போதுதான் இரவில் கொஞ்சம் தூங்குகிறார், என் கையால் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுகிறார். அவர் மனம் நோவதை என்னால் பார்க்க முடியாது. அவருக்கு இனி என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?