'குரல்' கோப்புறையிலிருந்து அழிந்த பதினாறு பதிவுகள் குறித்து

என் பெயரும் முகவரியும் இணைப்புத் தாளில் கண்டபடி. வயது இருபத்து மூன்று. தகப்பனார் லாரி ஓட்டுநர். மருத்துவமனைக் கணினிப் பிரிவில் பதினொரு மாதமாக உதவியாளராக இருக்கிறேன். இந்தப் பதிவுகள் பற்றிய புகாரின் விசாரணைக்கு, யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையில் குரல்வளையை இழக்கப்போகிறவர்களின் பேச்சை முன்கூட்டியே பதிவு செய்யும் அறை எங்கள் மாடியில் இருக்கிறது. அந்த அறைக் கணினியில் 'குரல்' என்றொரு கோப்புறை உண்டு. அதில் சேமிப்பவை கீழ்த்தளத்துச் சர்வருக்குப் போய்விடும். சர்வர் இணைப்பு அறுந்தாலும் கோப்புறை அதே பெயரில் நிற்கும். அப்போது சேமிப்பவை அந்தக் கணினியிலேயே தங்கிவிடும்.

சென்ற திங்கட்கிழமை காலை அந்தக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். அதன் பிறகு சர்வர் இணைப்பு வந்ததா என்று நான் பார்க்கவில்லை. வரவில்லை. அன்றும் மறுநாளும், அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்திருந்த புகார்தாரரின் மனைவி அங்கே பேசினார். பேச்சுப் பயிற்சியாளர் வழக்கம்போல் 'குரல்' கோப்புறையில் சேமித்தார். செவ்வாயன்று மைக்கைச் சரிபார்க்கப் போய் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். புகார்தாரர், "என்னைத் திட்டுறதையும் பதிஞ்சிடு. இல்லாட்டி நான் காலைல எந்திரிக்கவே மாட்டேன்" என்றார். அந்த அம்மா, "அதுக்கு ரெண்டு நாள் பத்தாதுங்க" என்றார். அவர்கள் மகளுக்கு ஒன்றரை வயது. அவளிடம் சொல்ல வேண்டியவற்றை அந்த அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவள் பள்ளிக்கூடம் போகும்போது சொல்ல வேண்டியவையும் அதில் இருந்தன.

புதன்கிழமை காலை அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அன்று பத்து மணிக்கு, பழைய பதிவுகள் எதுவும் தெரியவில்லை என்று பயிற்சியாளர் என்னை அழைத்தார். கணினியை அணைத்துப் போட்டேன், கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தேன், கேபிளை மாற்றினேன். அதன் பிறகு, எங்கள் சர்வரின் பழைய இணைப்பு முறையைப் புதிய இயங்குதளம் ஏற்பதில்லை என்று கண்டுபிடித்து அமைப்பை மாற்றினேன். அப்போதும், கோப்புறை காலியாக இல்லை என்று சொல்லி இணைய மறுத்தது. திறந்தேன். பதினாறு கோப்புகள் இருந்தன. சர்வரில் உள்ளவற்றின் நகல்கள் என்று நினைத்து, தேதியைப் பார்க்காமல், ஒரேயடியாக அழித்தேன். உடனே இணைந்தது. பயிற்சியாளரிடம், "சரியாயிடுச்சுக்கா" என்றேன். அவர் பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார். பிறகு, "நேத்து எடுத்தது எங்கடி?" என்று கேட்டார்.

மாலைவரை மீட்கப் பார்த்தோம். அந்த வகை வட்டில் அழித்தது திரும்பாது. மேலாளர் என்னிடம், "நீ வாயே திறக்காதம்மா. டிஸ்க் போச்சுன்னு நான் எழுதிக்கிறேன்" என்றார். அப்படியே எழுதினார். டிஸ்க் நன்றாக இருக்கிறது. யாரோ வேண்டுமென்றே அழித்ததாகப் புகார்தாரர் சொல்வதும் சரியல்ல. அழித்தவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை வார்டு வாசலில் புகார்தாரரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கைபேசி வீடியோக்களில் மனைவியின் பேச்சு மொத்தம் பதினொரு நொடிதான் இருக்கிறது என்றார். அதன் பிறகு, "மூணு நாள்தான் ஆச்சு, எனக்கு இப்பவே மறக்குதும்மா. நீ காதுல மாட்டிக் கேட்டியே, எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றார். எனக்கு நினைவிருந்தது. சொல்லத் தெரியவில்லை. உள்ளே அந்த அம்மா, தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிடக் கட்டில் கம்பியைத் தட்டினார். குழந்தை திரும்பவில்லை. மறுபடியும் தட்டினார்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் இல்லை.

(கையொப்பம்)