ஆழியகத்தின் பன்னிரண்டு விளக்குகள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. நாமகிரிப்பேட்டையில் காலை முதல் மேகமூட்டம். மேற்குக் காற்று மிதமாக வீசியது. மழை பெய்யவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஆதலால், அது நாங்கள் ஆட்டத்திற்குக் கூடும் நாள்.

ஆய்வாளர் அவர்களே, நான் சொல்லச் சொல்லக் காவலர் எழுதிக்கொள்வதே முறை என்றீர்கள். நானே எழுதித் தர அனுமதித்தமைக்கு நன்றி. என் பெயர் சின்னண்ணன், வயது ஐம்பத்திரண்டு. இருபது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியுடன் வடமாநிலங்களில் போர் போட்டேன். பின்னர் ஊர் திரும்பி, மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்தேன். நாற்பத்து நான்காம் வயதில் பத்தாம் வகுப்பும், நாற்பத்தேழாம் வயதில் பன்னிரண்டாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றேன். இயற்பியலில் நூற்றுக்கு எண்பத்தொன்று.

என் மனைவி ஜோதி திருச்செங்கோட்டு நூற்பாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவள். பஞ்சுத் தூசி அவளது நுரையீரலைக் கெடுத்தது. மூன்று ஆண்டுகளாக ஆக்ஸிஜன் மிஷினின் குழாய் மூக்கில் இருந்தால்தான் அவளால் மூச்சுவிட முடியும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நான் நூல்களில் கற்ற தமிழில் பேசுவதை அவள் கேலி செய்வாள். "ஏனுங்க, இந்த ஊட்டுல நானும் ஒரு ஆளு இருக்கறனுங்க. பரீச்சை எழுதற மாதிரியே பேசுனா நான் என்னத்தைத் திருப்பிச் சொல்றது" என்பாள். ஆனால் வீட்டிற்கு யார் வந்தாலும் என் மதிப்பெண் சான்றிதழை எடுத்துக் காட்டுபவளும் அவளே.

ஆட்டம் பற்றிக் கேட்டீர்கள். இராசிபுரத்தில் ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தில் அது நடைபெறும். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் இலக்கியா அதனை நடத்துகிறார். ஆழியகம் என்பது நிலமே இல்லாத ஒரு கற்பனைக் கோள்; முழுவதும் கடல். அதில் மிதக்கும் குடியேற்றத்தில் முந்நூற்று நாற்பது பேர் வாழ்கின்றனர். நாங்கள் ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவராகப் பேசி முடிவெடுக்க வேண்டும். புயலையும் நோயையும் பகடை தீர்மானிக்கும். கோழிப்பண்ணை உரிமையாளர் குணசீலன் மன்றத் தலைவர். மருந்துக்கடை நடத்தும் தனப்பிரியா மருத்துவர். நான் தலைமை ஆற்றல் பொறியாளர். அந்தச் சொல்லால் என்னை வேறெங்கும் எவரும் அழைத்ததில்லை.

கடல் அலையிலிருந்து, தீர்ந்துபோகாத மின்சாரம் எடுப்பது என் வடிவமைப்பு. அதனை மன்றம் ஏற்க வேண்டுமெனில், பன்னிரண்டு விளக்குகள் கொண்ட மாதிரி ஒன்று காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை அணையாமல் எரிந்தாக வேண்டும் என்று இலக்கியா விதித்திருந்தார். ஏற்கப்பட்டால், அது குடியேற்றத்தின் சாசனத்தில் என் பெயரால் எழுதப்படும். ஐந்து மாதங்கள் உழைத்தேன். நீர்த்தொட்டி, மிதவை, காந்தம், கையால் சுற்றிய செப்புச் சுருள். தொட்டியை ஆட்டினால் மிதவை ஏறி இறங்கும். சுருளில் மின்சாரம் பிறக்கும்.

அன்று பத்து மணிக்குப் பன்னிரண்டு விளக்குகளும் எரிந்தன. குணசீலன், துணி விரித்த மேசையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க இன்ஜினியரே, துணிக்கு அடியில பேட்டரி கீட்டரி வெச்சிருக்கறீங்களா? கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

"கோழி முட்டை வெச்சிருக்குதான்னு தூக்கிப் பாக்கறது உங்க பண்ணையோட நிக்கட்டுங்க" என்றேன்.

அனைவரும் சிரித்தனர். அவரும் சிரித்துவிட்டு அமர்ந்தார்.

துணிக்கு அடியில் பேட்டரி இருந்தது. என் மிதவை முந்தைய நாள் வரை இரண்டு விளக்குகளையே, அதுவும் மங்கலாக, எரித்தது. கடையில் சிறிய பேட்டரிகள் இருந்தன. ஆயினும் நான்கு மணி நேரம் சிறிதும் மங்காது என்று நான் உறுதி கூறத்தக்கது ஒன்றே. பழைய மின்சார ஸ்கூட்டரிலிருந்து பிரித்து நானே இரண்டு பேட்டரிகள் கட்டியிருந்தேன். மின்சாரம் நின்றால் ஜோதியின் மிஷினை ஓட்டுவதற்காகக் கட்டியவை அவை. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் தாங்கும்.

அன்று எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என நாளிதழில் அறிவிப்பு வந்திருந்தது. அதனை நான் படித்திருந்தேன். ஐந்து என்று அச்சிட்டாலும் ஒரு மணிக்குள் மின்சாரம் வந்துவிடும் என்பது ஊரில் அனைவரும் அறிந்ததே. முந்தைய எட்டு மாதங்களில் ஏழு முறை அவ்வாறே வந்தது. ஒரு முறை ஐந்து மணிக்கே வந்தது; அதனையும் நான் அறிவேன்.

பேட்டரியை மொபெட்டில் வைத்துக் கட்டும்போது ஜோதி கட்டிலிலிருந்து கேட்டாள்.

"இன்னைக்குக் கரண்டு நிறுத்தறாங்களேங்க, அதை எங்க கொண்டுபோறீங்க?"

ஒன்று போதும், கணக்கிட்டுவிட்டேன் என்றேன்.

"நீங்க கணக்குப் போட்டாச் சரியாத்தாங்க இருக்கும்" என்றாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் அழைத்தாள். அப்போது ஆழியகத்தில் புயல் தொடங்கியிருந்தது. புயலின்போது மேசையில் கைப்பேசி கூடாது என்பது விதி, துண்டித்தேன். ஒன்று நான்குக்கு மீண்டும் அழைத்தாள். எழுந்து வாசலுக்குச் சென்று பேசினேன்.

"மிஷின் கத்துதுங்க. செவப்பு லைட்டு எரியுது."

"இதோ வாரேன் சாமி. இருபது நிமிசம்."

"சரிங்க. பாத்து ஓட்டிட்டு வாங்க."

இராசிபுரத்திலிருந்து வீட்டிற்கு இருபது நிமிடம் என்பது உண்மை. துணியைத் தூக்கிப் பேட்டரியை எடுத்திருந்தால் ஒன்றரைக்குள் சேர்ந்திருப்பேன். 108 என்ற எண்ணையும், பக்கத்து வீட்டுச் சாரதாமணியின் எண்ணையும் அறியாதவன் அல்லேன். ஆம்புலன்ஸ் வந்தால், வீட்டில் இருந்த மற்றொரு பேட்டரி எங்கே என்ற கேள்வியும் உடன் வரும். நான் வாசலிலிருந்து திரும்பி என் இருக்கையில் அமர்ந்தேன்.

பகடை ஆறு காட்டியது, பெரும்புயல். தனப்பிரியா மருத்துவராக என்னிடம் கேட்டார். "எங்க வார்டுல ஒம்பது பேரு மூச்சு மிஷின்ல இருக்கறாங்க. கரண்டு நிக்குமாங்க, நிக்காதுங்களா?"

"நிற்காது. என் அமைப்பில் எவர் மூச்சும் நிற்காது" என்றேன்.

ஜோதியின் கைப்பேசியில் பதிவான அழைப்புகளை நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். ஒன்று நான்குக்குப் பின் அவள் யாரையும் அழைக்கவில்லை. சாரதாமணி அப்போது வீட்டில்தான் இருந்தார். வருவதாக நான் கூறியிருந்தேன். ஆகவே அவள் காத்திருந்தாள்.

மின்சாரம் ஒன்று நாற்பத்தெட்டுக்கு வந்தது என்கிறார் சாரதாமணி. மிஷின் ஓடும் ஒலி கேட்டு, ஜோதியிடம் பேசலாம் என்று அவர் உள்ளே வந்திருக்கிறார். குழாய் அவள் மூக்கில் சரியாகவே இருந்தது. அதற்குக் கால் மணி நேரம் முன்பே அவள் இறந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியுள்ளார்.

ஆகவே, கீழே கையொப்பமிடும் நான் ஒப்புக்கொள்வதாவது: என் மனைவியின் பேட்டரியை எடுத்தவன் நான். அவள் அழைத்தபோது கேட்டவன் நான். எழுந்து செல்லாமல் அவளைக் கொன்றவன் நானே. இலக்கியாவோ, குணசீலனோ, தனப்பிரியாவோ எதனையும் அறியார். தண்டனை எதுவாயினும் ஏற்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டுகிறேன். வடிவமைப்பில் பிழை இருந்தது என வழக்கேட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதனை நீக்கிவிட வேண்டும். பன்னிரண்டு விளக்குகளில் ஒன்றும் மங்கவில்லை. மன்றம் எழுந்து நின்று கைதட்டி அதனை ஏற்றுக்கொண்டபோது, பிற்பகல் மணி சரியாக 2.01.