பூஜ்யத்தில் அடித்த மணி

பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே அமைந்த தலைவர் அவர்களே, மேடையை மேன்மைப்படுத்தும் சான்றோர்களே, மூன்றாம் தளத்து மூத்தவர்களே, இரண்டாம் தளத்து இனியவர்களே, முதல் தளத்து முத்தான தாய்மார்களே, அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் தாழ்மையான வணக்கம்.

என்ன அங்கே முணுமுணுப்பு? கீழ்த்தளத்தை விட்டுவிட்டேன் என்கிறீர்களா? தெரிந்தேதான் விட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு அவசர மணி உண்டு. அழுத்தினால், காவலரின் திரையில் எந்தத் தளம் என்று தெரியும். அதற்கான நிரலை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதித் தந்தவர், மூன்றாம் தளத்து மருமகள். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், நான் ஏற்கெனவே உங்களுக்கும் சேர்த்து மிரண்டுவிட்டேன்.

மொட்டைமாடியில் புதிதாக ஒரு மணி மாட்டினோம். அது எந்தத் தளம் என்று எழுத மறந்தோம். அதை அழுத்தியதும் திரை உறைந்துபோனது. அந்த மொழியில் வெறுமைக்கு இரண்டு பெயராம். யாரும் எதுவும் எழுதாமல் விட்டால் அன்டிஃபைன்ட். இங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தே எழுதினால் ‘நல்’. எது வந்தாலும் திரை உறையக் கூடாது என்று மருமகள் ஒரு வரி சேர்த்தார்: தளம் இல்லையென்றால், அலுவலகம் என்று காட்டு. திரை உறைவது நின்றது. நாமும் பாராட்டினோம்.

கீழ்த்தளத்து அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒரு மாலை, இன்ஹேலர் எட்டாத அலமாரியில் இருக்க, மூச்சு முட்ட முட்ட மணியை அழுத்தினார். திரை சொன்னது, அலுவலகம். காவலர் ஓடினார். கதவில் பூட்டு. திரும்பி வந்தார். மறுபடி மணி, மறுபடி அலுவலகம். காய்கறிப் பையோடு நுழைந்த மருமகளிடம் புலம்பினார்.

"பூட்டிக் கிடக்கிற ரூமுக்குள்ள யாரும்மா மணி அடிக்கிறாங்க? எனக்குத் தலையே சுத்துது."

பை கீழே விழுந்தது. "அண்ணே, அது கீழ்த்தளம். அதோட நம்பர் பூஜ்யம். நான் எழுதின வரி பூஜ்யத்தையும் இல்லைன்னு எடுத்துக்கிச்சு. ஓடுங்க."

தக்காளி ஒரு பக்கம் உருள, இருவரும் ஓடினார்கள். மருந்து உள்ளே போய், மூச்சு வந்தபின் அக்கா சொன்னார்: "யாருக்காவது கேக்குதா, கேக்கலையான்னே தெரியாம அடிச்சிட்டே இருந்தேன்மா."

நான் கேட்கிறேன். கை அளவே எழுதாத சட்டை வந்தால், நான் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பேன். கை நீளம் பூஜ்யம் என்று எழுதியிருந்தால்? அது கையில்லாத சட்டை. அதற்கும் முழுக்கை வைத்துக் கொடுத்தால் சும்மா விடுவீர்களா? மாட்டோம் என்கிறார் பின்வரிசை அண்ணன், அவர் விடமாட்டார் என்பது எனக்கு அனுபவம். நல் என்பது இல்லாமை. அன்டிஃபைன்ட் என்பது சொல்லாமை. பூஜ்யமோ பதில் ஐயா, பதில்! அங்கே வீடு இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஓர் உயிர் உதவிக்கு அழைக்கிறது. அதை வெறுமை என்று ஒதுக்கலாமா?

அன்றே மருமகள் வரியைத் திருத்தினார். ‘இல்லையென்றால்’ என்பதற்கு அடையாளமாக இரண்டு நிமிர்ந்த கோடுகள் இருந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள். இனி நல்லோ அன்டிஃபைன்டோ வந்தால் மட்டுமே அலுவலகம், பூஜ்யம் வந்தால் கீழ்த்தளம். பிறகு அக்கா கையாலேயே மணியை அழுத்தச் சொல்லி, திரையைப் பார்த்த பிறகுதான் சிந்திய தக்காளியைப் பொறுக்கப் போனார்.

தலைவர் மணி அடிக்கிறார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது, முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. முன்வரிசையில் நிம்மதியாக மூச்சுவிட்டு அமர்ந்திருக்கும் எங்கள் கீழ்த்தளத்து அக்கா அவர்களே, நிறுத்தி வைத்த வணக்கம் உங்களுக்கு. நீங்கள் அடித்தது எங்களுக்குக் கேட்டது.