பதினாறு தரம் அமத்திய பொத்தான்

பருத்தித்துறைப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த ஆணும் பெண்ணும் மீன்பிடிப் படகுகளுக்கு அபாய அழைப்புக் கருவி செய்பவர்கள். கடலில் இறந்த ஒருவரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, அவர் பதினாறு தரம் பொத்தானை அமத்தியிருக்கிறார். கருவியின்ரை சிப்புக்குள்ளை பதிவு கிடக்கு,” என்றாள் அவள்.

“பிறகேன் கரைக்கு ஒண்டும் வரேல்லை?”

“கருவியைக் குடுக்கேக்கை நான் அதைச் சோதனை முறையிலையே விட்டிட்டன். அதிலை சிப் தனக்குள்ளை மட்டும்தான் வேலை செய்யும். ரேடியோவுக்கு ‘அனுப்பு’ எண்டு குடுக்கிற சிக்னல் வெளியிலை வராது.”

“கருவியிலை இருக்கிற லைற்?”

“ஒவ்வொரு தரமும் பச்சை எரிஞ்சிருக்கும். செய்தி போயிட்டுது எண்டு நம்பியிருப்பார்.”

அந்த ஆண் யன்னலுக்கு வெளியே பார்த்தார். “செத்தவரின்ரை மனிசி என்ன கேட்டவ?”

“கடைசியிலை கரையிலை இருக்கிற எங்களைக் கூப்பிட்டவரோ எண்டு.”

“என்ன சொல்லப் போறாய்?”

“ஓம் எண்டு. பிறகு, ஏன் எங்களுக்குக் கேக்கேல்லை எண்டதையும்.”