வீடியோ கேம் பொட்டியும் ஆர்.ஐ. விசாரணையும்

அது மேல கை வெக்காதீங்க சார், வஜ்ரப்பசை இன்னும் காயல. கையி ஒட்டிக்கிச்சின்னா ரெவின்யூ இன்ஸ்பெக்டர நான்தான் புடிச்சி வெச்சிக்கினேன்னு கேசாயிடும். தோ, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு காலு ஆடும். ஊரு வூட்டு சாமானெல்லாம் நேராக்கறவன் தன் வூட்டு ஸ்டூல எங்க பாக்கறான்.

இன்னா கேட்டீங்க? ஆமா சார், வீடியோ கேமு பொட்டிதான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட டிவி கட வெச்சிருக்காரே ராஜாங்கம், அவருது. மெட்ராஸ்லேர்ந்து போர்டு மட்டும் வாங்கியாந்துட்டாரு. ரெடிமேடு பொட்டி வெல ஜாஸ்தியாம். பழைய டிவி ஒண்ண ஜீப்புல ஏத்தி அனுப்பி, இத உள்ள வெச்சி பொட்டி அடிச்சிக் குடுடா சின்னராசுன்னாரு. அடிச்சேன். ஓரம் மட்டுந்தான் பாக்கி.

ஐயோ, இன்னா சார் எழுதறீங்க? வீட்டில் வீடியோ கேம் உள்ளதுன்னா? அடிச்சிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். தையக்காரன் வூட்ல போலீஸ் சட்ட தொங்குனா அவன் இன்ஸ்பெக்டரா?

காலேஜில சேர திங்கக்கிழம கடைசி நாளு சார், அதான் பறக்கறேன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ். எம்பொண்ணு அமிர்தம் பிளஸ் டூல நல்ல மார்க்கு, பாத்திருப்பீங்க. நீங்க ஒரே ஒரு வரி, இவங்க மலசாதிதான்னு எழுதினா எஸ்.டி. சர்டிபிகேட்டு வரும், அது வந்தா சீட்டு. இல்லன்னா செவ்வாக்கெழம அவங்கம்மா கூட கேரளாவுக்கு மொளகு பறிக்க பஸ் ஏறணும். எனக்கு அத நெனச்சாலே ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

இது புது மனு இல்ல சார். அவ பத்தாவது படிக்கும்போதே எழுதிப் போட்டேன். அப்பப் பாத்து மறியலு வந்துது, ஞாபகம் இருக்குதா? ரோடு நெடுக மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க, ஒரு வாரம் பஸ்ஸே இல்ல. அப்புறமா எறங்கிப் போயி ஆபீசுல கேட்டா, உன் மனு எதோடயோ கலந்துடுச்சின்றாங்க. அவ்ளோ பெரிய மரத்த எல்லாம் ரெண்டு நாள்ல எடுத்துட்டாங்க சார். என் மனுவத்தான் மூணு வருசமா தேடிக்கினு இருக்காங்க.

நடுவுல ஒரு கிளார்க்கு வந்தாரு. தேன் எடுக்கத் தெரியுமான்னாரு. தெரியும்னேன். அசலு தேனான்னு பாக்கணும்னு ரெண்டு பாட்டிலு எடுத்துக்கினு போனாரு, இன்னும் பாத்துக்கினே இருக்காரு போல. என் சம்சாரம் பாப்பாத்திய உங்க பாட்டு ஒண்ணு பாடுன்னாரு. அவளுக்கு வெக்கம். ரேடியோவுல கேட்டத ஒண்ண பாடிட்டா. சினிமாப் பாட்டு பாடறாங்கன்னு அதையும் எழுதிக்கினு போயிட்டாரு. உங்க வூட்டம்மா இன்னா சார் பாடுவாங்க?

செரி செரி, கோச்சிக்காதீங்க. டீத்தண்ணி குடிங்க.

ஓடு போட்டிருக்கேன், கரண்டு இருக்குது, பேண்ட்டு போட்டிருக்கேன், எல்லாம் வாஸ்தவந்தான். நான் இன்னா கோவணம் கட்டிக்கினா நிக்கணும்? வரேன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வில்லும் அம்பும் செஞ்சி செவுத்துல மாட்டியிருப்பேனே. தச்சு வேலதான, ஒரு மணி நேரம் ஆவுமா? கம்மி செலவுல ஆதிவாசியா ஆயிருப்பேன்.

இதுவா? இது மூங்கிப் பிளாச்சு சார். பிளேவுட்ட அறுத்தா ஓரத்துல அடுக்கு அடுக்காத் தெரியும், செலாம்பு நீட்டிக்கினு நிக்கும். பசங்க வெளையாடற வேகத்துல கையில ஏறிடுச்சின்னா சீழ் கட்டிக்கும். ராஜாங்கம் தேக்குல சட்டம் குடுத்தாரு, ஓரத்துக்கு அடிக்க. நேரா போற எடத்துல ஒட்டிச்சி. மேல இந்த வளைவு இருக்குது பாருங்க, இங்க வந்ததும் பட்டுனு ஒடஞ்சிது. மலைக்குக் கீழ ரெண்டு மேஸ்திரிங்ககிட்ட கேட்டேன், வளைவ அறுத்துக் கட்டயாக்கிடுன்னாங்க. நான் பச்ச மூங்கில பொளந்து, ரெண்டு நாளு ஊற வெச்சி, அனல்ல காட்டி வளச்சேன். எங்கப்பா தானியக் கூடைக்கு வெளிம்பு கட்டுவாரு, அதே வேலதான். இப்ப தடவிப் பாருங்க, எங்க ஆரம்பிச்சிது எங்க முடிஞ்சிதுன்னு தெரியுதா? உப்புத்தாளு இன்னொரு தடவ போட்டா முடிஞ்சிது.

மூங்கி எங்க வெட்டினேன்னா? அதுக்கு பாரஸ்ட்டுக்காரரு தனியா வருவாரு சார். நீங்க சாதிய மட்டும் பாருங்க.

உள்ள குனிஞ்சி பாக்கறீங்களா, பாருங்க. பட்டனுக்கு ஒயரு குடுத்ததெல்லாம் அமிர்தம். ராஜாங்கம் கட மெக்கானிக்கு, எடதப் புடிச்சி அமுக்குனா வலது பக்கம் ஓடுதுன்னு ரெண்டு நாளு தலையச் சொறிஞ்சிட்டு உட்டுட்டான். இவ அரை அவருல சரி பண்ணா. மலையில பொறந்த பொண்ணுக்கு சால்டரிங்கு எப்பிடித் தெரியும்னா கேக்குறீங்க? அதத்தான் சார் ஒழுங்கா காலேஜில படிக்கட்டும்னு உங்க கால்ல உழாத கொறயா கேக்குறேன். தெரியலன்னா மார்க்கு பத்தலன்றீங்க. தெரிஞ்சா சாதி பத்தலன்றீங்க.

ராஜாங்கமும் உங்க மாதிரிதான் பேசறாரு. கோட்டா வேணாம்னு டில்லில நடக்கற கலாட்டாவ டெய்லி ரேடியோவுல கேட்டுட்டு, பாருடா சின்னராசு, எல்லா சீட்டும் கோட்டாவுலயே போவுது, எம்புள்ள சுபாஷ் மாதிரிப் பசங்கல்லாம் எங்க போவாங்கன்றாரு. லீவுல வந்தா சுபாஷும் பக்கத்துல நின்னுக்கினு தலைய ஆட்டறான். அவன் பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருசம். அடுத்த லீவுக்கு இந்தப் பொட்டில மொத ஆட்டம் அவந்தான் ஆடணும்னு அவங்கப்பா சொல்லிட்டாரு.

இன்னா சார், பைல கட்டிட்டீங்க? அவ்ளோதானா? இன்னா எழுதினீங்க, கொஞ்சம் படிச்சித்தான் காட்டுங்களேன். ம். ம். வாழ்க்கை முறையும் வீடும் மலைசாதியினருக்கு உரியதாகத் தெரியவில்லை. நல்லா எழுதியிருக்கீங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குது.

இல்ல, நான் ஒண்ணும் சண்ட போட வரல. ஜீப்பு எங்கயும் போயிடாது, உக்காருங்க. ஒரு விசயம் மட்டும் சொல்லிடறேன்.

வாசல்ல கதவு நம்பரு பாத்தீங்களா? நாலு பார் பதினொண்ணு. போன வருசம் தபால்காரரு ஒரு கவரு கொண்டாந்தாரு. சுபாஷ், தகப்பனார் பேரு ராஜாங்கம், நாலு பார் பதினொண்ணு, வெள்ளிமலைன்னு போட்டிருந்துது. ராஜாங்கம் அதுக்கு முன்னாடி எனக்கு வேற வேல குடுக்கும்போது அட்ரஸ் வாங்கி எழுதி வெச்சிக்கினாரு, கடையில ஏதோ மாறிப் போச்சின்னு நெனச்சேன். அமிர்தம் பிரிச்சிப் படிச்சா. எஸ்.டி. கோட்டாவுல சீட்டு கெடச்சிருக்குது, வந்து சேருன்னு போட்டிருந்துது. கூடவே, சரி பாத்துத் திருப்பி அனுப்பின பேப்பருங்க. அதுல ஒண்ணு உங்க விசாரண ரிப்போர்ட்டு சார். நேரில் சென்று பார்வையிட்டேன், பரம்பரையாக இதே வீட்டில் வசித்து வரும் மலைசாதிக் குடும்பம். கீழ இதே முத்து முத்தான கையெழுத்து.

அன்னிக்கி அவ சாப்புடல சார். ஆனா அடுத்தவங்க லெட்டர நாம வெச்சிக்கக் கூடாதுன்னு மறுநாளே பஸ் ஏறிப் போயி ராஜாங்கம் கையிலயே குடுத்துட்டேன். அவருக்கு ஒரே சந்தோசம். அதுக்கப்புறந்தான் இந்தப் பொட்டி வேலையே குடுத்தாரு. குடுக்கறதுக்கு முன்ன அமிர்தம் பஸ் ஸ்டாண்டுல எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டா. எங்க வெச்சிருக்கான்னு என்கிட்டயே சொல்ல மாட்டேன்றா.

வேர்க்குது பாருங்க உங்களுக்கு. பேன் போடட்டுமா? கரண்டு இருக்கற வூடுதான.

உங்களக் குத்தம் சொல்றதுக்கு நான் யாரு சார். நீங்க புதுசா ஒண்ணும் எழுத வேணாம். இந்த வூட்டுல ஒரு மலசாதிப் பையன் பொறந்து வளந்தான்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க.